மாந்தோப்பில் கல் பறந்த காலை

அந்த வருடம் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கேமராக்கள் ஒரே இடத்துக்குப் போய் எதிரெதிராக நின்றன. ஒன்று என் கணவருடையது, இன்னொன்று என்னுடையது.

ஆந்திராவில், புத்தூருக்கும் தமிழ்நாட்டு எல்லைக்கும் நடுவே உள்ள ஒரு சின்ன டவுனில் நாங்கள் ஸ்டுடியோ வைத்திருக்கிறோம். கல்யாணம், காது குத்து, மஞ்சள் நீராட்டு, பாஸ்போர்ட் சைஸ் படம் என்று வருவதையெல்லாம் எடுப்போம். அவர் வீடியோ, நான் ஸ்டில். கல்யாண மேடையில் அவர் இடப்பக்கம் நின்றால் நான் வலப்பக்கம் நிற்பேன். ஒருவர் படத்தில் இன்னொருவர் விழாமல் நகர்வது எங்களுக்குப் பழகிப்போன வித்தை.

பக்கத்துக் கிராமத்தில் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கப் போகிறார்கள் என்ற பேச்சு கோடை தொடங்கும்போது வந்தது. மாந்தோப்பும் வேர்க்கடலைக் காடும் உள்ள ஊர். பெரும்பாலும் தமிழ் பேசும் குடும்பங்கள். சர்வேயை வீடியோ எடுக்க ஆள் வேண்டும் என்று தாசில்தார் ஆபீஸிலிருந்து என் கணவரைக் கூப்பிட்டார்கள். தேர்தல் சமயத்தில் அவர்களுக்கு வேலை செய்திருக்கிறார், அந்தப் பழக்கம். அவரும் போனார். அடுத்த வாரமே அந்த ஊர்ப் பெண்கள் ஏழெட்டு பேர் ஷேர் ஆட்டோவில் வந்து ஸ்டுடியோ வாசலில் இறங்கினார்கள். முன்னால் வந்தவர் எனக்குத் தெரிந்தவர்தான். ஐம்பது தாண்டிய அக்கா. கணவர் இறந்த பிறகு தோப்பைத் தனியாகப் பார்த்துக்கொண்டவர். அவர் மகன் கல்யாணத்துக்கு நாங்கள்தான் படம் எடுத்தோம்.

"இன்னாம்மா, உங்க வூட்டுக்காரர் ஆபீஸ் பக்கம் நின்னு புடிச்சிக்கினு கீறாரு. நீ எங்க பக்கம் நின்னு புடி," என்றார். "கலெக்டராண்ட மனு குடுக்கணும். மரம் காய்ச்சி கீறத காட்டணும். அவங்க தரிசுன்னு எழுதிட்டாங்க."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் கேமரா பேட்டரியைச் சார்ஜில் போட்டுக்கொண்டே, "போயேன். வேலைதானே," என்றார். அப்போது இரண்டு பேருக்குமே அது வேலையாகத்தான் தெரிந்தது.

அப்படித் தொடங்கியது, வருடம் முழுக்க நின்றபாடில்லை. காய்த்துத் தொங்கும் மரங்களை எடுத்தேன். மஞ்சள் பெயிண்ட் அடித்த சர்வே கற்களையும், தோப்பு முனையில் தென்னங்கீற்று வேய்ந்து போட்ட போராட்டப் பந்தலையும் எடுத்தேன். மாவட்டம் பிரிந்த பிறகு பழைய நில ஆவணங்கள் சித்தூரில் இருந்தன, கலெக்டர் திருப்பதியில் இருந்தார். அதனால் பெண்கள் ஒரு வாரம் சித்தூர், மறு வாரம் திருப்பதி என்று அலைந்தார்கள். நானும் அவர்களோடு பஸ்ஸில் போனேன். திருப்பதி பஸ் ஸ்டாண்டில் மொட்டை போட்ட குடும்பங்கள் லட்டுப் பையோடு சிரித்துக்கொண்டு போக, அதே படத்தின் ஓரத்தில் எங்கள் பெண்கள் மனுவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஊர் இரண்டாக உடைந்ததை நான் கேமரா வழியாகத்தான் உணர்ந்தேன். நிலம் கொடுத்துவிடலாம் என்றவர்களும் கொடுக்க முடியாது என்றவர்களும் தனித்தனி டீக்கடைக்குப் போக ஆரம்பித்தார்கள். ஆடி மாதம் கெங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை அடுத்தடுத்த வாரம் இரண்டு தடவை செய்தார்கள். இரண்டுக்கும் என்னையே கூப்பிட்டார்கள். ஒரே கோயில், ஒரே அலங்காரம், ஒரே பம்பைக்காரர். அம்மன் முன்னால் நிற்கிற முகங்கள் மட்டும் வேறு.

அக்காவின் வீட்டிலேயே அந்தப் பிளவு இருந்தது. மகன் தடா என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை பார்த்தான். விடியும் முன் கம்பெனி பஸ் ஏறினால் திரும்புவதற்குள் பொழுது போய்விடும். "வாசல்லயே கம்பெனி வந்தா நான் ஏன் நாலு ஊரு தாண்டி பஸ்ல தூங்கிக்கினு போவணும்?" என்று என்னிடமே கேட்டிருக்கிறான். கெட்ட பிள்ளை கிடையாது. அம்மாவுக்குப் பந்தலில் சாப்பாடு கொண்டுவந்து கொடுப்பான், கொடுத்துவிட்டுச் சண்டை போடுவான். அவன் மனைவி வாய் திறக்க மாட்டாள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாமியாருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். எந்தப் படத்திலும் அவள் முகம் பாதிதான் விழும்.

முகங்கள் மாறியதையும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் எல்லாரும் கேமராவைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், "நல்லா வுழுந்துதா?" என்று கேட்டார்கள். சிலர் மேல் வழக்குப் போட்ட பிறகு நான் கேமராவைத் தூக்கினாலே முந்தானை முகத்துக்கு வந்தது. "இது எங்க போவுது?" என்று கேட்டார்கள். மனுவோடு வைக்கத்தான் எடுக்கிறேன் என்று சொல்வேன். ஆனால் எடுத்த படம் எங்கே போய் நிற்கும் என்று எடுத்தவளால் உறுதி சொல்ல முடியுமா?

மழைக்காலம் முடிந்த கையோடு ஒரு காலையில் ஜேசிபி வந்தது. கூடவே இரண்டு வேன் நிறைய போலீஸ். வேலி போடுவதற்காகத் தோப்பின் ஓரத்தைச் சமன் செய்யப் போகிறோம் என்றார்கள். என் கணவர் அவர்களோடு ஜீப்பில் வந்து இறங்கினார். நான் பந்தல் பக்கமிருந்து ஓடினேன். அவர் ஜேசிபிக்குப் பின்னால் டிரைபாட் போட்டார். நான் பெண்களுக்குப் பக்கவாட்டில் நின்றேன். ஒருவரையொருவர் பார்த்தோம்.

அக்கா போய் முதல் மரத்தடியில் உட்கார்ந்தார். மற்ற பெண்களும் உட்கார்ந்தார்கள். ஜேசிபி மண்ணில் கையை ஊன்றி உறுமிக்கொண்டு நின்றது. எஸ்.ஐ. முதலில் தெலுங்கிலும் பிறகு தமிழிலும் சொன்னார், "எழுந்து போங்கம்மா, ஆர்டர் இருக்கு." யாரும் எழுந்திருக்கவில்லை. பெண் போலீஸ் ஒவ்வொருவராகத் தூக்க ஆரம்பித்தார்கள். கூச்சல் எழுந்தது. அன்று மகனுக்கு வார லீவு. கையில் தண்ணீர்க் கேனோடு ஓடிவந்தவன் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தான்.

"எழுந்திரும்மா. உன்ன மிதிச்சிட்டுப் போவாங்கம்மா!"

"வுடுடா. மிதிக்கட்டும்."

எனக்குத் தெரிந்ததெல்லாம் வ்யூஃபைண்டருக்குள் இருந்த அந்த இரண்டு முகங்கள்தான். விரலை எடுக்காமல் அடித்துக்கொண்டே இருந்தேன். ஜேசிபி முன்னால் நகர்ந்தது. மரக்கிளை ஒன்று முறிகிற சத்தம் கேட்டது. அடுத்த நொடி, வண்டிக்கு முன்னால் நின்ற ஒரு கான்ஸ்டபிள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். விரல்களுக்கு இடையில் ரத்தம் வந்தது. யாரோ "கல்லு! கல்லு!" என்று கத்தினார்கள். அத்தனை பெண்களுக்கு நடுவில் நின்றிருந்த ஒரே வாலிபன் மகன்தான். நாலு போலீஸ்காரர்கள் சேர்ந்து அவனை வேனுக்குள் ஏற்றினார்கள். தண்ணீர்க் கேன் உருண்டு மண்ணில் கொட்டியது. அன்றைக்கு ஜேசிபி திரும்பிப் போய்விட்டது. ஆனால் அவன் திரும்பவில்லை.

மதியம் ஸ்டுடியோவுக்கு வந்து படங்களை மானிட்டரில் போட்டேன். அவன் கல்லெறியவில்லை என்று எனக்குத் தெரியும். அதை நிரூபிக்கும் படம் இருந்தால் வக்கீலிடம் கொடுக்கலாம் என்று நினைத்தேன். இருந்தது. ஒரு கையில் கேன், மறு கை அம்மாவின் முழங்கையில். அடுத்தடுத்த படங்களில் அதே நிலை. நிம்மதியாக அடுத்த படத்தைத் தட்டினேன். அதில் அவன் தோளுக்குப் பின்னால் ஒரு கை உயர்ந்திருந்தது. அடுத்ததில் அந்தக் கையில் கல் தெரிந்தது. அதற்கடுத்ததில் முந்தானை சரிந்து முகம் முழுசாக விழுந்திருந்தது. வருடம் முழுக்கப் பாதி முகமாகவே எனக்குக் கிடைத்த அவன் மனைவி. வாய் திறந்திருந்தது, கண் ஜேசிபியின் கண்ணாடி மேல் இருந்தது. இடுப்பில் குழந்தை.

நான் எடுத்ததிலேயே கூர்மையான படம் அதுதான். மானிட்டரை அணைத்துவிட்டேன்.

ஒரு மணி நேரத்தில் எஸ்.ஐ. ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டார். என் கணவரின் வீடியோ ஏற்கெனவே அவரிடம் போயிருந்தது. அதில் கல் எறிந்தவர் தெரியவில்லை, ஜேசிபியின் கை மறைத்திருந்தது. ஆனால் நான் தெரிந்தேன். அந்த நேரத்தில், அந்தத் திசையைப் பார்த்து, கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

"நீங்க எடுத்தது எல்லாம் வேணும்மா," என்றார். குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

மகன் கேனோடு நிற்கும் இரண்டு படங்களைக் காட்டினேன். "அந்தத் தம்பி எறியல சார். பாருங்க."

அவர் குனிந்து படத்தைப் பார்க்கவில்லை. படத்துக்குக் கீழே இருந்த எண்ணைப் பார்த்தார். "இது ஒரு நம்பர், இது ஒரு நம்பர். நடுவுல இருக்கறதெல்லாம் எங்கம்மா?"

"ஷேக் ஆயிடுச்சு சார்."

"ஷேக் ஆனதையும் குடுங்க."

என் கணவர் இடையில் வந்தார். "நோட்டீஸ் குடுத்தா குடுத்துடறோம் சார். ஸ்டுடியோ மெமரி கார்டு, வேற கஸ்டமர் போட்டோவும் இருக்கு." அவர் அப்படிப் பேசுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எஸ்.ஐ. அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். "காலையில நோட்டீஸ் வரும். கார்டு பத்திரம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் அக்காவுக்கு ஆள் அனுப்பினேன். பொழுது சாய்வதற்குள் மாமியாரும் மருமகளும் வந்தார்கள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மானிட்டரைப் போட்டேன். மருமகள் கிட்டே வந்து திரையைத் தொடுவது போல விரலை நீட்டினாள்.

"இது நானாக்கா?" என்றாள். விரலை இழுத்துக்கொண்டு, "கிளை முறிஞ்சிச்சி. அத்த மேல வுழுந்துடுச்சின்னு நெனச்சேன். கை எப்ப போச்சின்னு தெரில," என்றாள்.

பிறகு அவளே தெளிவாகச் சொன்னாள். "குடுத்துடுக்கா. நான் போறேன். அவரு இன்னா பண்ணாரு? நெலமே வேணாம்னு சொன்னவரு உள்ள குந்தினு கீறாரு."

"வாய மூடு," என்றார் அக்கா. அதட்டல் சன்னமாக இருந்தது. என் பக்கம் திரும்பினார். "எம்புள்ள ஆம்பள. நாலு நாள் கழிச்சி வந்துடுவான். இவ ஸ்டேசனுக்குப் போனா, திரும்பி வந்தாலும் ஊரு இவள பழையபடி பாக்காது. பால் குடிக்கிற கொயந்த கீது. அழிச்சிடு."

"அக்கா, அவன் மேல கேசு நிக்கும்."

"நிக்கட்டும். அவன் கைல கேன் கீறது உன் படத்துல கீதுல்ல? அது போதும். மத்தத அழி."

நான் உட்கார்ந்தே இருந்தேன். ஒரு வருடமாக எதையும் அழித்ததில்லை. மங்கலானதைக்கூட வைத்திருந்தேன். இரண்டு பக்கத்துக்கும் தெரிந்தவளாக நடமாட என்னை விட்டதே, நான் உள்ளதை உள்ளபடி எடுப்பேன் என்ற நம்பிக்கையில்தான். நடந்தது நடந்ததுதானே, அதில் கைவைக்க நான் யார் என்று ஒரு பக்கம் தோன்றியது. அவள் இடுப்பிலிருந்த குழந்தை திரையின் வெளிச்சத்தைப் பார்த்துச் சிரித்தது. மனது எந்தக் கணத்தில் மாறியது என்று எனக்குத் தெரியாது. அவள் விழுந்த படங்களைத் தேர்ந்தெடுத்து கார்டிலிருந்து அழித்தேன்.

ஆனால் அழித்தால் மட்டும் போகாது. கல்யாணப் படங்கள் தவறி அழிந்தபோது நானே மென்பொருள் போட்டு மீட்டிருக்கிறேன். போலீஸுக்கு அது பெரிய காரியமில்லை. அழித்த இடத்தின் மேல் வேறெதையாவது பதித்தால்தான் மீட்க முடியாமல் போகும். அதை நான் வாய்விட்டுச் சொல்லும்முன் என் கணவர் எழுந்தார். மகன் நிற்கும் இரண்டு படங்களையும் காலையில் எடுத்த மற்றவற்றையும் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்துவிட்டு, கார்டை என் கேமராவில் போட்டு, டிரைபாடில் மாட்டி, சுவரைப் பார்த்து வீடியோ பட்டனை அழுத்தினார். கார்டு நிரம்பும்வரை வெற்றுச் சுவர் பதிவாகிக்கொண்டிருந்தது. நாங்கள் நாலு பேரும் அந்தச் சிவப்புப் புள்ளியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆபீஸ் வேலை இனிமேல் வராது என்று அவருக்குத் தெரியும். வரவும் இல்லை.

காலையில் நோட்டீஸ் வந்தது. கார்டைக் கொடுத்தோம். "சுவரை எதுக்கு எடுத்தீங்க?" என்று எஸ்.ஐ. கேட்டார். கேமரா சூடாகிறதா என்று சோதித்தோம் என்றார் கணவர். எஸ்.ஐ. நம்பவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எங்கள் இரண்டு பேர் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு ஸ்டேஷன் ஜீப் எங்கள் தெருவில் மெதுவாகப் போகும் ஒவ்வொரு தடவையும் செய்கிற வேலையை விட்டுவிட்டு வாசலைப் பார்ப்பேன்.

இப்படி நாட்கள் போய்க்கொண்டிருந்தபோது ஒரு முற்பகலில் அந்தக் கான்ஸ்டபிளே ஸ்டுடியோவுக்கு வந்தார். யூனிஃபார்மில் இல்லை. நாற்பதை ஒட்டிய வயது. நெற்றியில் தையல் பிரித்த தழும்பு இளஞ்சிவப்பாக இருந்தது.

"பாஸ்போர்ட் சைஸ் வேணும்மா. புது ஐடி கார்டுக்கு," என்றார். நல்ல தமிழ். "நான் நகரிப் பக்கத்து ஆளு."

ஸ்டூலில் உட்கார வைத்தேன். லைட் போட்டேன். நோட்டம் பார்க்க அனுப்பியிருக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

"அந்தத் தழும்ப வேணும்னா கம்ப்யூட்டர்ல எடுத்துடலாம் சார்."

"வேணாம்மா. இருக்கறது இருக்கட்டும்."

படம் எடுத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. "அன்னிக்கி நீ அவங்க பக்கமா பாத்துதான் எடுத்துக்கினு இருந்த," என்றார்.

நான் லைட்டை அணைத்தேன்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நான் சொல்றேன், கேட்டுக்க. கல்லு வர்றதுக்கு முன்னாடியே அந்தப் பொண்ண நான் பாத்துட்டேன். என்ன அடிக்கணும்னு அடிக்கல அது. கண்ணாடிய குறி பார்த்துச்சி, நான் குறுக்க வந்துட்டேன்." தழும்பை விரலால் தடவினார். "ஆஸ்பத்திரியில கேட்டாங்க. மயக்கமா இருந்துச்சி, யாருன்னு தெரியலன்னு சொன்னேன். இப்ப திரும்பவும் எழுதிக் கேக்கறாங்க. எறிஞ்சது யாருன்னு தெரியாது, ஆனா அந்தப் பையன் இல்ல, அவன் என் நேர் எதிர்ல கேன் வெச்சிக்கினு நின்னான்னு எழுதிக் குடுக்கப் போறேன்."

"ஏன் சார்?" என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன்.

"நாலு தையலுக்கு ஒரு குடும்பத்த தூக்கி உள்ள வெக்கணுமா?" என்றார். பிறகு ஏதோ அதிகம் பேசிவிட்டது போல எழுந்து, பிரிண்ட் எப்போது கிடைக்கும் என்று கேட்டுவிட்டுப் போனார். பிரிண்ட்டை வாங்க அவர் வரவில்லை. வேறு யாரோ வந்து வாங்கிப் போனார்கள்.

அவர் சொன்னபடி எழுதிக் கொடுத்தார். வக்கீல் அதையும் என் இரண்டு படங்களையும் ஜாமீன் மனுவில் காட்டினார். மகன் வெளியே வந்தான். கல்லெறிந்தது அடையாளம் தெரியாத நபர் என்று வழக்கு இன்னும் இருக்கிறது. கம்பெனி ஒப்பந்தக்காரர் அவனைத் திரும்பச் சேர்க்கவில்லை. இப்போது டவுனில் ஒரு டிராக்டர் ஷெட்டில் வேலை பார்க்கிறான். அவனிடம் மனைவி எல்லாவற்றையும் சொன்னாளா, அவன் என்ன சொன்னான், எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை. ஜெயிலிலிருந்து வந்த பிறகு அவன் நிலத்தைக் கொடுக்கச் சொல்லி அம்மாவிடம் சண்டை போடுவதை மட்டும் நிறுத்திவிட்டான் என்று அக்கா சொன்னார்.

ஆனாலும் வேலி வந்தது. பாதித் தோப்பு அதற்குள் போனது, பாதி வெளியே நின்றது. ஒவ்வொரு குடும்பமாகக் கையெழுத்துப் போட்டார்கள், கடைசியில் அக்காவும் போட்டார். பந்தலை யாரும் பிரிக்கவில்லை, காற்றில் அதுவாகவே சாய்ந்தது. முறிந்த வேர்களைப் படம் எடுக்கப் போன ஒரு நாள், கம்பிக்கு அந்தப் பக்கம் காய்த்து நின்ற மரங்களிலிருந்து மாங்காய் உதிர்ந்து கிடந்தது. வாட்ச்மேன் கண்டுகொள்ளாமல் வேறு பக்கம் பார்க்க, பெண்கள் கம்பிக்குக் கீழே கையை விட்டுப் பொறுக்கினார்கள். அதை நான் எடுக்கவில்லை. கேமரா தோளில்தான் இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை.

கடைசியாக அவர்கள் குடும்பத்தோடு ஸ்டுடியோவுக்கு வந்தது போன மாதம். நஷ்டஈட்டுப் பைலுக்குக் குடும்பப் படம் வேண்டுமாம். அக்காவை நடுவில் நாற்காலியில் உட்கார வைத்தேன். மகனும் மருமகளும் பின்னால் நின்றார்கள். குழந்தை இப்போது நடக்கிறது, ஒரு இடத்தில் நிற்கவில்லை. அதைப் பிடிக்க இரண்டு பேரும் ஒரே சமயத்தில் குனிந்தார்கள், தலை இடித்துக்கொண்டது. அவள் சிரித்துவிட்டாள். அந்த வருடம் முழுக்க நான் பார்க்காத சிரிப்பு.

"கொஞ்சம் சிரிம்மா," என்றான் மகன் அம்மாவிடம்.

"நெலத்த குடுக்கறதுக்கு எடுக்கற போட்டோவுல சிரிக்கணுமா?" என்றார் அக்கா. நேராகக் கேமராவைப் பார்த்தார், முகத்தை மறைக்கவில்லை. "இப்பிடியே எடும்மா."

அப்படியே எடுத்தேன்.